நானூறு ரூபாய்த் தராசும் எங்கள் வீட்டு ஆழாக்கும்

சமையலறையில் வைத்துக்கொள்ளும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்றைப் பத்து மாதமாகப் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். வெள்ளைப் பிளாஸ்டிக் உடம்பு, மேலே வட்டத் தட்டு, முன்பக்கம் சிறிய திரை, இரண்டு பொத்தான், அடியில் இரண்டு பென்சில் பேட்டரி. ஒரே உருவத்தில் பல பெயர்களில் விற்கிறார்கள். பத்து கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வித்தியாசம் காட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும். விலை நானூறு ரூபாய்க்குள். கடந்த ஆடி மாதம் வாங்கினேன். அப்போது என் எடை 87.4 கிலோ. இந்த வைகாசியில் 76.8.

நான் விருதுநகர்க்காரன். பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 48, உயரம் 168 சென்டிமீட்டர். மூட்டை வந்து இறங்கினால் எடை, போனால் எடை, சாக்குக்குக் கழிவு எத்தனை, சாம்பிளுக்கு எடுத்தது எத்தனை என்று நாள் முழுக்க எடையோடுதான் பிழைப்பு. வீட்டில் என் தட்டில் என்ன எடை ஏறுகிறது என்று இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவர் ஒரு டாக்டரம்மா. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.3 சதவீதம் வந்திருந்தது. சர்க்கரை நோய்க்கு முந்தைய படி என்றார். இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்றார். மாத்திரை எழுதவில்லை. ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நானும் மண்டிக் கணக்கு மாதிரிக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "சார், ஒரு தட்டு சோறுன்னு எழுதியிருக்கீங்க. தட்டு எத்தனை கிராம்?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. "இருநூத்தம்பது இருக்கும்" என்றேன். "வீட்டுல போய் எடை போட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார். அன்று சாயங்காலமே தராசு தேட ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். மூன்று வாரத்தில் செத்துவிட்டது. தட்டில் எதுவும் இல்லாமலே 14, 22, 9 என்று எண் ஓடிக்கொண்டே இருந்தது. திருப்பி அனுப்பும் நாளும் தாண்டிவிட்டது. இரண்டாவதைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில், கடைக்காரர் முன்னாலேயே சோதித்துப் பார்த்து வாங்கினேன். அதுதான் இன்று வரை ஓடுகிறது. சோதிக்க எடைக்கல் வேண்டியதில்லை, பத்து ரூபாய் நாணயம் போதும். ஒரு நாணயம் 7.7 கிராம் சொச்சம். பத்து நாணயம் வைத்தால் 77 காட்ட வேண்டும். ஓரத்தில் வைத்தாலும் நடுவில் வைத்தாலும் அதே எண் வர வேண்டும். எடுத்தவுடன் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்று தராசு எடுத்து வைத்தார். ஒன்று 79 காட்டியது, ஒன்று ஓரத்தில் தடுமாறியது. மூன்றாவது சரியாக நின்றது. அதற்கு அப்புறம் ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டையும் வைத்துப் பார்த்தேன். அதன் மேல் 910 கிராம் என்று அச்சடித்திருக்கும். கவரோடு 915 வந்தது. போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தராசுக்குள் லோடு செல் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. எடை ஏறும்போது அது மயிரிழை அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை அதற்கேற்ப மாறும். அந்த மாற்றத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. அதனால்தான் கீழே போட்டாலோ, சூட்டோடு குக்கரைத் தூக்கி மேலே வைத்தாலோ கெட்டுப்போகிறது. என் முதல் தராசு போனதற்கும் குக்கர் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இப்போது ஒரு துணியை நான்காக மடித்துப் போட்டு, பூஜ்யமாக்கிவிட்டுத்தான் சூடான பாத்திரம் வைக்கிறேன்.

சரி, என் தட்டுக்கு வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு மண்டியிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். முதல் நாள் எப்போதும் போலப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவை போடும்போதும் எடை பார்த்தேன். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை. மொத்தம் 520 கிராம் சோறு. 250 என்று டாக்டரிடம் சொன்னவன் நான். வெந்த சோறு நூறு கிராமுக்குச் சுமார் 130 கலோரி என்பது பொதுக்கணக்கு. சோற்றில் மட்டும் 670 கலோரிக்கு மேல். கூட இருந்த பொரியல் 70 கிராம். சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்று மனைவியிடம் கேட்டு எடை போட்டுப் பார்த்ததில், நான்கு பேருக்கும் சேர்த்து 60 கிராம் துவரம்பருப்பு. பருப்பு மண்டியில் வேலை பார்ப்பவன் வீட்டுச் சாம்பாரில் தலைக்குப் பதினைந்து கிராம்! அது என்னை உறுத்தியது.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று அதில் ஒரு தட்டு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தானியமும் பருப்பும் வேகாத எடை. இந்த எண்களைப் பார்த்துக் கடந்துபோவது சுலபம். நம் வீட்டுப் பாத்திரத்தில் அது எவ்வளவு என்று தெரிந்தால்தான் உபயோகம். அதைத் தெரிய வைத்தது இந்தத் தராசு.

எண்ணெய்க் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் எண்ணெய் ஆலைக்குப் பேர் போன ஊர். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இல்லாமல் எங்களுக்குச் சமையல் இல்லை. எண்ணெயை எப்படி எடை போடுவது என்று முதலில் குழப்பமாக இருந்தது. அப்புறம் ஒரு வழி பிடிபட்டது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்க வேண்டும். கிண்ணத்தை எடுத்துத் தேவையானதை ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால், மைனஸ் போட்டு எத்தனை கிராம் குறைந்தது என்று காட்டும். இரவு எனக்கு ஐந்து தோசை. ஐந்துக்கும் சேர்த்து மைனஸ் 34. நாள் முழுமைக்கும் 27 என்று சொன்ன இடத்தில், இரவுத் தோசைக்கு மட்டும் 34 கிராம் நல்லெண்ணெய். எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. அப்படியென்றால் தோசை மாவைச் சேர்க்காமலே 300 கலோரிக்கு மேல். செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று நாங்கள் தாராளமாகவே ஊற்றி வந்தோம். செக்கில் ஆட்டினாலும் எண்ணெயின் கலோரி குறையாது.

இப்போது தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிறோம். இரும்புக்கல் நன்றாகப் பழகியிருந்தால் ஒட்டுவதில்லை. மூன்று தோசைக்கு 8 கிராம் போதுகிறது. வீட்டில் நான்கு பேர். தலைக்கு 27 கிராம் என்றால் மாதம் 3 கிலோ 240 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்றரை லிட்டர். முன்பு எங்களுக்கு ஆறு லிட்டர் ஆகும். இப்போது நாலு லிட்டரில் மாதம் ஓடுகிறது. மூன்றரைக்கு இன்னும் வரவில்லை. இந்த ஒரு மாற்றத்திலேயே தராசின் விலை இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது.

வீட்டில் இதற்கு எதிர்ப்பு வந்தது. சோற்றை எடை போட்டுத் தின்பதை அம்மாவால் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்கு 72 வயது. "ஏய்யா, பெத்த பிள்ளைக்குச் சோத்தை நிறுத்தா போடுவாக? அளந்து போட்ட சோறு உடம்புல ஒட்டுமா?" என்று கண் கலங்கிவிட்டார். பஞ்சம் பார்த்த தலைமுறை அவர்கள். ஒருவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைப்பதுதான் அவர்களுக்குப் பாசம். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தத் தராசும் அந்த மனசை விடப் பெரிதில்லை என்று இரண்டு நாள் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

வழி சொன்னதும் அம்மாதான். எங்கள் வீட்டில் இன்றும் அரிசியை ஆழாக்கில்தான் அளக்கிறோம். தாத்தா காலத்துப் பித்தளை ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. "நானும் அந்தக் காலத்துல இருந்து அளந்துதானய்யா போடுதேன். இந்த ஆழாக்கு எத்தனைன்னு பாத்துக்கிட்டா பத்தாதா?" என்றார். அம்மா சொன்னதில் எல்லாமே இருந்தது. தலை தட்டிய ஒரு ஆழாக்கு புழுங்கலரிசியை வைத்துப் பார்த்தால் 140 கிராம். மதியத்துக்கு மூன்று ஆழாக்கு போடுவோம், 420 கிராம். வெந்தால் 1150 கிராம் சோறு வருகிறது. அதில் ஏறத்தாழப் பாதி எனக்குப் போயிருக்கிறது.

அன்றிலிருந்து சாப்பிடும் நேரத்தில் தராசு வெளியே வருவதில்லை. அரிசி இரண்டேகால் ஆழாக்கு போடுகிறோம். எங்கள் வீட்டு அன்னக்கரண்டியில் தட்டையாக எடுத்தால் 115 கிராம் சோறு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்து வைத்துக்கொண்டேன். எனக்கு இரண்டு கரண்டி. முதல் கரண்டி சாம்பாருக்கு, இரண்டாவதில் ரசமும் மோரும். குழம்புக் கரண்டி, சட்னிக் கரண்டி, மோர் டம்ளர், சீனி ஸ்பூன் எல்லாவற்றையும் அப்படியே எடை பார்த்து, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். தராசு வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு வேளையும் எடை போடுவதற்காக வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக் கரண்டிகளின் எடையைத் தெரிந்துகொள்ள வாங்குங்கள். இரண்டு மாதம் தினமும் பார்த்தால் கை பழகிவிடும். அதன் பிறகு வாரம் ஒரு நாள் சரிபார்த்தால் போதும்.

சோறு குறைந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் நாலு மணிக்குப் பசி ஆளைத் தின்னும். அதை முதல் வாரம் அனுபவித்தேன். இப்போது சாம்பாருக்கு 140 கிராம் பருப்பு போடுகிறோம், தலைக்கு 35. சாயங்காலம் எனக்கு 50 கிராம் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறவைத்துச் சுண்டல். அங்கே 85 கிராம் கணக்கு நிறைந்துவிடுகிறது. காய் மதியம் 200 கிராமுக்குக் குறையாமல். காய் அதிகமானால் நறுக்கும் வேலையும் அதிகம். அதை மனைவி தலையில் ஏற்றக் கூடாது என்று முந்தின நாள் ராத்திரி நானே உட்கார்ந்து நறுக்கி வைக்கிறேன். சுரைக்காய், பீர்க்கை, அவரை, கொத்தவரங்காய் என்று மலிவாகக் கிடைப்பதுதான்.

காராச்சேவைப் பற்றி எழுதாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. சாத்தூர் பக்கத்தில் இருந்துகொண்டு சேவு தின்னாமல் இருக்க முடியாது. தாளில் மடித்து வைத்துக்கொண்டு மண்டியில் டீயோடு கொறிப்பது என் வழக்கம். ஒரு நாள் மிச்சத்தை எடை போட்டுக் கழித்துப் பார்த்ததில் 85 கிராம் தின்றிருந்தேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள், 30 கிராம், சின்னக் கிண்ணத்தில். கிண்ணத்தில் போட்டுவிட்டு டப்பாவை மூடிவிட வேண்டும், அதுதான் முக்கியம். டீக்கடையில் ஒரு கிளாஸுக்குப் போடும் சீனியை மாஸ்டரிடம் கேட்டுத் தாளில் மடித்து வாங்கிவந்து பார்த்தேன், 12 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து டீ, 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. இப்போது மூன்று டீ, சீனி பாதி. எங்கள் ஊர் பொரிச்ச பரோட்டா வாரம் இரண்டு தடவை இருந்தது, மாதம் ஒரு தடவையாகக் குறைத்துவிட்டேன். அன்றைக்கு எடை பார்ப்பதில்லை. பங்குனிப் பொங்கல் நாட்களிலும் தராசைத் தொடவில்லை. அந்த வாரம் 800 கிராம் ஏறியது, அடுத்த இரண்டு வாரத்தில் இறங்கியது.

இரவுச் சாப்பாட்டை ஒன்பதே முக்காலிலிருந்து ஏழரைக்குக் கொண்டுவந்தோம். சாப்பிட்ட பின் தெப்பக்குளத்தைச் சுற்றி இருபது நிமிடம் நடக்கிறேன். மனைவியும் வருவார். பத்தரைக்குப் படுக்கை. இவற்றுக்குத் தராசு தேவையில்லை. ஆனால் இவை இல்லாமல் தராசு மட்டும் இருந்திருந்தால் பாதிகூட இறங்கியிருக்காது என்று நினைக்கிறேன்.

என் உடம்பு எடையை மண்டியில் இருக்கும் முத்திரை போட்ட மேடைத் தராசில்தான் பார்க்கிறேன், திங்கட்கிழமை காலையில், மூட்டை இறங்கும் முன். முதல் மாதம் 2.1 கிலோ இறங்கியது. கார்த்திகையில் ஐந்து வாரம் எடை அசையவே இல்லை. ரொம்ப மனம் விட்டுப்போன நாட்கள் அவை. சோறும் எண்ணெயும் சரியாகத்தான் இருந்தன. பிறகு யோசித்ததில் பிடிபட்டது வறுத்த நிலக்கடலை. சேவுக்குப் பதிலாக நல்லது என்று சாயங்காலம் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக்கொண்டிருந்தேன். எடை பார்த்தால் ஒரு நாளைக்கு 60 கிராம், சுமார் 340 கலோரி. 20 கிராமாக்கினேன், மறுபடி இறங்க ஆரம்பித்தது. நல்ல பொருளையும் ஒரு தடவை எடை பார்த்துவிட வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

இந்தத் தராசின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நிமிடம் சும்மா விட்டால் தானே அணைந்துவிடுகிறது. பூஜ்யமாக்கி வைத்த பாத்திரத்தின் கணக்கு அதோடு போய்விடும். மறுபடி முதலிலிருந்து. சமையலுக்கு நடுவில் இது பெரிய தொந்தரவு. பெரிய தட்டு வைத்தால் திரையை மறைத்துவிடுகிறது. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டை வைத்துத்தான் பார்க்க முடிகிறது. உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் ஏறுவதே இல்லை. மொத்தமாகப் போட்டால்தான் காட்டும். மூன்று நான்கு கிராமுக்குக் கீழே இதை நம்ப வேண்டாம். தண்ணீர் பட்டால் பொத்தான் இறுகிவிடுகிறது. கூடவே தந்த பேட்டரி ஒரு மாதம்கூட வரவில்லை. நான் போட்டது ஒன்பதாவது மாதமாக ஓடுகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். என் மகள் பதினொன்றாம் வகுப்பு. நான் எடை போடுவதைப் பார்த்துப் பார்த்து அவளும் ஒரு நாள் தன் இட்லியை எடுத்து வைத்து, "அப்பா, எனக்கு ரெண்டு போதும்ல?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளர்கிற பிள்ளை, எடையிலும் குறை இல்லை. அன்றே அவளை உட்கார வைத்து, "இது அப்பா உடம்புக்கு டாக்டர் சொன்னது. உனக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. வயிறு நிறையச் சாப்பிடு" என்று சொன்னேன். அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் கலோரி எண்களை அடித்துவிட்டேன், கிராம் மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தராசை வெளியே வைக்காதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம். மருந்து அளவு மாறாமல் சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும்.

போன மாதம் மறுபடி ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சராசரி 5.8. இடுப்பு 94 சென்டிமீட்டர். 90-க்கு இன்னும் நான்கு பாக்கி. மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிப்பதில்லை. டாக்டரம்மா அதே நோட்டைப் பார்த்துவிட்டு, "இப்ப சோறு எத்தனை சார்?" என்று கேட்டார். "ரெண்டு கரண்டி, 230 கிராம்" என்றேன். ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்.

வாங்குவதாக இருந்தால் கடையில் நேரில் போய், நாணயம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பத்து கிலோ தேவையில்லை, ஐந்து கிலோ தாங்கினால் போதும். தட்டு எஃகில் இருந்தால் துடைக்கச் சுலபம். திரை வெளியே நீட்டியபடி இருக்கும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். இருநூறு ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை.

எங்கள் தராசு இப்போது பெரும்பாலும் அம்மா கையில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு அதிரசத்துக்கு வெல்லத்தையும் மாவையும் அதில்தான் நிறுத்துப் போட்டார், ஒன்றுகூட உதிரவில்லை. நேற்று ராத்திரி அரிசிப் பானை பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏய்யா, நாளைக்கு உன் தங்கச்சி வீட்டுல இருந்து மூணு பேரு வாராக. மொத்தம் எத்தனை ஆழாக்கு போட?" என்று கேட்டார். நாலரை என்றேன். "விருந்தாளுக்கு அளவெல்லாம் பாக்கப்படாது" என்று ஐந்தாக அளந்து வைத்தார்.